கேட்ட கேள்விக்கு மட்டும்

"லோ கியரில் போட்டு ஏறியிருந்தால் இவ்வளவு சூடு வந்திருக்காதுதானேங்க?" என்று எஸ்டேட் முதலாளி தொலைபேசியில் கேட்டார். ஏற்காட்டு மலையில் டிரெய்லரை இழுத்து ஏறும்போது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகி, அவருடைய பிக்கப் என் பட்டறைக்கு வந்திருந்தது. "குறைந்திருக்கும்" என்று சொன்னேன். சொன்னது பொய்யில்லை; ஏற்காட்டுப் பாதையையும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸையும் அறிந்த எவரும் அதைத்தான் சொல்வார். ஆனால் அந்தப் பதிலோடு அவர் ஓட்டுநரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டதிலிருந்து, அந்த உரையாடலை மனத்துக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். பிக்கப்பின் பின்னால் டிரெய்லர், அதன் மேல் காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பரும் ஜெனரேட்டரும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஆயில் வழியாக இணைப்பது டார்க் கன்வெர்ட்டர்; வளைவில் வேகம் குறையும்போதெல்லாம் அதன் லாக்-அப், அதாவது இரண்டையும் நேராகப் பூட்டும் கிளட்ச், விட்டுவிடும். அப்போது எஞ்சினின் சக்தி ஆயில் வழியாக மட்டுமே சக்கரத்துக்குப் போவதால், அங்கே ஏற்படும் வழுக்கல் முழுவதும் சூடாக மாறி அந்த ஆயிலில்தான் இறங்கும். கீழ் கியரில் நிறுத்தி ஏறினால் வழுக்கல் குறையும், பம்பும் ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குக் கூடுதலாகத் தள்ளும். என் பதிலுக்கு இவ்வளவு நியாயம் இருந்தது.

கியர் பாக்ஸ் சூட்டை எச்சரிக்கும் விளக்கு எரிந்தவுடன் அந்த ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, எஞ்சினை அணைத்திருக்கிறார். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும், ஆயில் கூலருக்குப் போகாது. நியூட்ரலில் ஓடவிட்டிருக்க வேண்டும். ஆனால் கிளட்ச் மிதித்து ஓட்டும் சங்ககிரி லாரிகளில் பழகியவருக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? சாதாரண கியர் வண்டியில் கிளட்ச் கருகும் வாசனை ஓட்டுநரை முன்கூட்டியே எச்சரித்துவிடும்; இந்த வண்டியில் விளக்கு எரியும்வரை காலுக்கும் மூக்குக்கும் ஒன்றுமே எட்டாது. சூட்டில் விரிந்த ஆயில் பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகப் பொங்கி சைலன்சர் குழாயில் சொட்டிப் புகைந்ததைப் பார்த்துத்தான் அவர் பயந்திருக்கிறார். தீப்பிடித்திருக்கவும் கூடும் என்பதால் அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

முதலாளியிடம் பேசியபோது நான் பார்த்திருந்தது அந்த ஆயிலை மட்டுமே. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டால் சிவப்பாகப் பரவ வேண்டியது, கடுந்தேநீர் நிறத்தில் கருகல் வாடையோடு பரவியது. மறுநாள் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது கியர் பாக்ஸின் பின்பக்கத்தில் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் சீலிலும் கசிவு இருந்தது. கழற்றி எடுத்து அதன் உதட்டை நகத்தால் வளைத்தேன். ரப்பர் வளையாமல் பொடியாக உடைந்தது. ஒருநாள் சூட்டில் ஒரு சீல் அப்படி இறுகிப்போகாது. அது பல நடைகளாக வெந்த சீல். அந்த நடைகளுக்கெல்லாம் என்ன சுமை ஏற்றுவது என்று முடிவு செய்தவர் ஓட்டுநர் இல்லை.

முதலாளியை அழைத்துச் சொன்னேன். "சரிங்க, சீலையும் மாற்றிப் பில்லில் சேர்த்துவிடுங்க" என்றார். அதற்குமேல் பேச எனக்கு உரிமை உண்டா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. எதிரில் இருப்பவர் காசு கொடுப்பவர்; அவர் வீட்டு ஆள் விஷயத்தில் பட்டறைக்காரன் தலையிட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் சுமையைக் குறைத்திருந்தாலும் சூடு குறைந்திருக்கும் என்பதும் அதே அளவு உண்மை. அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவர் ஓட்டுநரை வைத்துக்கொண்டிருப்பார் என்றும் நான் நம்பவில்லை. முன்பே எடுத்துவிட்ட முடிவுக்கு ஒரு மெக்கானிக்கின் வாய்வார்த்தை தேவைப்பட்டிருக்கலாம். இப்படி நினைப்பது என் வசதிக்காகவா என்ற சந்தேகமும் உடனே வந்துவிடுகிறது.

ஆயிலை மாற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு கூலரும் பொருத்திக் கொடுத்தேன். செலவுக்கு அவர் தயங்கவே இல்லை. இப்போது வேறொருவர் அதே டிரெய்லரோடு மேலே போய்வருகிறார், விளக்கு எரிவதில்லை. கூலரையும் ஓட்டுநரையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டதால், எது காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. புதியவர் லோ கியரில் போட்டுத்தான் ஏறுகிறாரா என்பதை நான் விசாரிக்கவில்லை.