வண்டிக்கு ஆள் வாங்குனியாலே?

போன வருஷம் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அத்தையை வீல்சேரில் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். மண்டபத்து வாசலில் மூன்று படி, அதன்மேல் பந்தல்காரர் சாமான் ஏற்றுவதற்காகச் சாய்த்துப் போட்ட பலகை. ஏறும்போது நாலு பேர் பிடித்தார்கள், ஏறிவிட்டோம். பந்தி முடிந்து இறங்கும்போது நான் வீல்சேரை முன்பக்கமாகவே விட்டேன். பலகை முடிகிற இடத்தில் முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் தரையில் முட்டி நின்றது, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அப்படியே மடங்கியது, அத்தை முன்னால் சரிந்தாள். மச்சான் எதிரே நின்றதால் தாங்கிக்கொண்டான். அடி ஒன்றும் இல்லை. ஆனால் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர், "அந்தப் பாரத்துக்கு வண்டி என்ன செய்யும் பாவம்" என்றார், அது அத்தை காதில் விழுந்துவிட்டது.

பாளையங்கோட்டை வந்து சேரும் வரை அவள் பேசவில்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி: "ஏலே, நீ எனக்கு வண்டி வாங்குனியா, வண்டிக்கு ஆள் வாங்குனியா?"

பதில் இல்லை. மறுநாள் காலையில் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில், சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர், பாதி கிழிந்தது: அதிகபட்சம் 100 கிலோ. வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. கடையில் ஆள் கொஞ்சம் கனம் என்று சொல்லித்தான் வாங்கினேன், "இரும்பு சார், எல்லாரும் உட்காரலாம்" என்றார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அத்தை எத்தனை கிலோ என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

நிற்க முடியாதவரை எடை போடுவது எப்படி? டாக்டர் ரூமில் இருக்கும் மெஷின் ஏறி நிற்கிறவர்களுக்கு. தெரிந்த அரிசிக்கடை அண்ணாச்சி ஒருவரிடம் மூட்டை போடுகிற தராசு இருக்கிறது, தட்டு தரையோடு தாழ்வாக இருக்கும். வளைந்த ஃபோர்க்கைத் தற்காலிகமாக நிமிர்த்திக்கொண்டு, யாரும் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று ராத்திரி கடை அடைத்த பிறகு போனோம். வண்டியோடு ஏற்றினால் 139.5 கிலோ, காலி வண்டி 18. ஆக அத்தை 121.5. நான் எண்ணைக் குறித்துக்கொண்டிருக்கும்போது, "ரகத்தையும் எழுதிக்கோலே, அம்பை பதினாறுன்னு" என்றாள், நெல் ரகத்தின் பெயரைச் சொல்லி. அண்ணாச்சி சிரித்ததில் கல்லாப்பெட்டி ஆடியது.

அந்த 100 கிலோ என்பது வண்டியில் ஏறும் மொத்தத்துக்கும் சேர்த்துத்தான். ஆள், குஷன், பின்னால் மாட்டுகிற பை, மடியில் ஏறி உட்காருகிற பேரப்பிள்ளை எல்லாம் கணக்கில் வரும். 101-ஆவது கிலோவில் வண்டி உடைந்துவிடாது, அதுதான் வினை. உடையாமல் ஓடும், ஆனால் மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகத் தளரும். வீல்சேர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 7176 என்று ஒரு சர்வதேசத் தர விதித்தொகுப்பு இருக்கிறது. அதில் வண்டி தாங்கும் என்று சொல்லப்பட்ட எடைக்குப் பொம்மையை ஏற்றி, மேடு வைத்த உருளைகள்மேல் 2,00,000 சுற்று ஓட விடுவார்கள், பிறகு 5 செ.மீ. உயரத்திலிருந்து 6,666 முறை விழ விடுவார்கள். 5 செ.மீ. என்பது ஏறக்குறைய எங்கள் வீட்டு நிலைப்படி உயரம்! ஒரு நாளைக்குப் பத்து முறை அதில் இறக்கினால் இரண்டு வருஷத்துக்குள் 6,666 முடிந்துவிடும். அதுவும் எடை அளவுக்குள் இருந்தால். அத்தையை வைத்துக்கொண்டு 21 கிலோ கூடுதலாக ஏழு மாதம் இறக்கியிருக்கிறேன், ஃபோர்க் வளைந்ததில் ஆச்சரியம் இல்லை.

சும்மா ஒரு விஷயம். சீட்டுக்கு அடியில் எக்ஸ் எழுத்து மாதிரி குறுக்கே போகிற இந்த மடக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் எவரெஸ்ட், ஜென்னிங்ஸ் என்று இரண்டு அமெரிக்க நண்பர்கள், 1930-களில். எவரெஸ்ட் சுரங்க எஞ்சினியர், விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர். வண்டியை மடக்கிக் காரில் வைக்க வேண்டும் என்பதுதான் யோசனை. மடங்குகிற எதுவும் நடுவில் ஒரு போல்ட்டை நம்பித்தான் நிற்கிறது. கனமானவர்களுக்கான வண்டியில் அந்த எக்ஸ் பெரும்பாலும் இரட்டையாக இருக்கும், கடையில் முதலில் அதைத்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது வண்டிக்கு நான் 150 கிலோ தாங்குவதாகப் பார்த்து எடுத்தேன். ஆளின் எடைக்குமேல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம் வைப்பது என் கணக்கு, நீங்கள் வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாம், ஆனால் மிச்சமே இல்லாமல் வாங்காதீர்கள். அகலமும் முக்கியம். சாதாரண சீட்டு 18 இன்ச். அத்தையை மர நாற்காலியில் உட்காரவைத்து, தொடை இரண்டு பக்கமும் ஒரு கனமான புத்தகத்தைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் டேப் பிடித்தோம், 20 வந்தது. பக்கத்துக்கு ஒரு இன்ச் விட்டு 22. பழைய வண்டியில் அவள் தொடையில் ஏன் எப்போதும் சிவந்த கோடு இருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது, கேட்டால் "வெயில்ல வேர்க்குரு" என்று மழுப்பியிருக்கிறாள். ரொம்ப அகலமாக வாங்கினாலும் தப்பு: ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார்கள், சக்கரத்தைக் கையால் தள்ளத் தோளை விரிக்க வேண்டியிருக்கும், தோள்வலி வந்துவிடும்.

22 இன்ச் சீட்டு என்றால் வெளிச்சக்கரத்தோடு முப்பது இன்ச்சுக்கு மேல். எங்கள் பாத்ரூம் வாசல் 28. வண்டியை வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் அளந்தேன், சிரிக்காதீர்கள். நிலையைப் பெயர்த்து மூன்றடி வாசல் ஆக்கி முடிக்கப் பத்து நாள்.

அதே கொத்தனார்தான் முன்வாசல் சறுக்கையும் கட்டினார். அவர் கைக்குப் பழக்கம் பைக் ஏற்றுகிற சறுக்கு, மூன்றடிக்கு ஓரடி உயரம். எங்கள் வாசல் தரையிலிருந்து 15 இன்ச். பொதுக்கட்டடங்களுக்கு மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 12-க்கு 1 என்றுதான் இருக்கிறது, அதாவது 15 இன்ச் ஏற 15 அடி நீளம். "இவ்வளவு சின்னத் திண்ணைக்கு இவ்வளவு நீளமா" என்று கொத்தனார் தலையைச் சொறிந்தார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அத்தையும் வண்டியும் சேர்ந்து சுமார் 146 கிலோ. அவர் போடுகிற சறுக்கில் என் கைக்கு வருகிற இழுப்பு 46 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. 12-க்கு 1-இல் வெறும் 12 கிலோ. சிமெண்ட் மூட்டை என்றதும் மனிதருக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கும் வாருகாலுக்கும் நடுவில் ஒன்பது அடிதான் இடம், அதனால் திருப்பத்தில் ஒரு சமதளம் விட்டு மடக்கிக் கட்டினோம். டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பாகச் சிமெண்ட் பூச்சு, ஓரத்தில் சக்கரம் வழுவாமல் இருக்க மூன்று இன்ச் கட்டை.

இறங்குவது எப்போதும் பின்பக்கமாகத்தான். தள்ளுகிறவர் கீழே நின்று, அத்தை முகம் மேட்டைப் பார்த்தபடி, ஒவ்வொரு அடியாக. எங்கள் வீட்டில் இரண்டு பேர்: பின்கைப்பிடியில் நான், முன்னால் சட்டத்தைப் பிடித்து என் மனைவி. கல்யாண வீடுகளில் உதவ வருகிறவர்கள் நல்ல மனசோடு ஆர்ம்ரெஸ்ட்டைப் பிடித்துத் தூக்குவார்கள். அது கழற்றி மாட்டுகிற சாமான், கையோடு வந்துவிடும். கால் வைக்கிற தட்டும் அப்படித்தான். இப்போதெல்லாம் யாராவது தூக்க வந்தால் அத்தையே அதட்டிவிடுகிறாள், "சட்டத்தப் பிடிங்க, சட்டத்த". ஆள் உட்கார்ந்தபடி படியில் தூக்குவதை நாங்கள் விட்டேவிட்டோம். சறுக்கு இல்லாத வீட்டு விசேஷத்துக்கு மொய் மட்டும் போய்விடும்.

பிரேக்கைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை எனக்கு இருந்தது, ஓடுகிற வண்டியை நிறுத்துவதற்கு என்று. இல்லை. ஆனி மாதம் நெல்லையப்பர் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறார்களே, அது ஓட்டத்தையே நிறுத்தும். வீல்சேர் பிரேக் அப்படியில்லை, நின்ற வண்டியை நிற்கவைக்க மட்டும்தான். ஒரு சின்ன இரும்பு டயரை அழுத்துகிறது, அவ்வளவே. டயரில் காற்று குறைந்தால் அந்த இரும்புக்கு அழுத்த ஒன்றும் இருக்காது, லீவரைத் தட்டினால் 'டக்' என்று சத்தம் மட்டும் வரும். எங்கள் முற்றத்தில் மழைத்தண்ணீர் ஓடத் தெருவைப் பார்த்து வாட்டம் வைத்திருக்கிறது, ஒரு சாயங்காலம் அத்தை இரண்டு பிரேக்கும் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், வண்டி தானாக ஒரு முழம் நகர்ந்திருக்கிறது. ஆள் கனமாக ஆக, வாட்டத்தில் இழுப்பும் கூடும். அன்றிலிருந்து சனிக்கிழமை காலை காற்று பார்ப்பது என் வேலை. எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டயர் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும்.

சைக்கிள் கடை அண்ணாச்சிதான் இப்போது எங்கள் வண்டிக்கு டாக்டர். பெரிய சக்கரம் 24 இன்ச், 1⅜ அகலம், அவரிடம் டியூப் கிடைக்கிறது. போக்ஸ் கம்பியை விரலால் சுண்டிப் பார்ப்பார், தொளதொளவென்று சத்தம் வந்தால் அந்த இடத்தை முறுக்கிக் கோட்டம் எடுத்துவிடுவார். அவர் சொல்லித்தான் ஒன்று கவனித்தேன், எங்கள் வண்டியில் பின்சக்கரத்தைவிட முன்சின்னச் சக்கரம்தான் சீக்கிரம் தேய்கிறது. காரணம் இருக்கிறது. பின்பக்கத்தில் சதை அதிகம் உள்ளவர்கள் உட்காரும்போது முதுகு சாய்மானத்தை ஒட்டி வராது, உடம்பு முன்னால் தள்ளியே இருக்கும், வயிற்றின் எடையும் முன்னால், எல்லாம் சேர்ந்து அந்தச் சின்னச் சக்கரத்தில் இறங்குகிறது. அதற்குள் தலைமுடி, நூல், தேங்காய் நார், பூக்கட்டுகிற வாழைநார் எல்லாம் சுற்றிக்கொண்டு பேரிங்கைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை கழற்றிப் பிளேடால் அறுத்தெடுக்கிறேன். அப்படியே எக்ஸ் நடுப்போல்ட்டை ஸ்பேனரால் ஒரு பிடி பிடித்துப் பார்ப்பது, வெல்டிங் இடத்தில் பெயிண்டில் தலைமுடி மாதிரி கோடு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடிப்பது, சீட்டு ரெக்சின் திருகு போன இடத்தில் கிழிகிறதா என்று பார்ப்பது. கோடு தெரிந்தால் அன்றோடு அந்த வண்டியில் ஏற்றக் கூடாது. அலுமினியச் சட்டமாக இருந்தால் தெருமுனை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவதும் வேண்டாம். எண்ணெயைப் பிரேக் பக்கமோ டயர் பக்கமோ சொட்ட விடாதீர்கள். திருச்செந்தூர், உவரி என்று கடல் பக்கம் போய் வந்தால் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துவிடுங்கள், உப்புக்காற்று நட்டுக்குள் போனால் பிறகு கழற்றவே முடியாது.

சேலை முந்தானை! இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. இரண்டு முறை போக்ஸ் கம்பியில் சுற்றியிருக்கிறது. இப்போது கொசுவத்துக்குள் செருகி ஒரு பின் குத்தித்தான் வெளியே கிளம்புவது.

கட்டிலிலிருந்து வண்டிக்கு மாற்றுவதில்தான் என் இடுப்பு போனது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன், ஐந்து நாள் படுக்கை. இப்போது தூக்குவதே இல்லை. தச்சரிடம் சொல்லி ஓரம் உருட்டி இழைத்த ஒரு பலகை செய்தோம், கட்டில் உயரத்தையும் சீட் உயரத்தையும் சமப்படுத்தினோம், பக்கத்து ஆர்ம்ரெஸ்ட்டைக் கழற்றி, கால் தட்டை மடக்கி, இரண்டு பிரேக்கும் போட்டு, பலகைமேல் அவளே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வருவாள். நான் இடுப்பு பெல்ட்டைப் பிடித்திருப்பதோடு சரி. கால் தட்டில் மட்டும் ஏறி நின்றுவிடக் கூடாது, வண்டி அப்படியே முன்னால் கவிழும். கீழே விழுந்ததை எடுக்கக் குனிகிறவர்களுக்கும் ஒரு உபாயம்: முதலில் வண்டியை ஒரு சாண் பின்னால் தள்ளுங்கள், சின்னச் சக்கரங்கள் முன்பக்கம் திரும்பிக்கொள்ளும், வண்டிக்குக் கால் நீண்ட மாதிரி. பிறகு பிரேக் போட்டுக் குனியலாம்.

குஷனுக்கு முதலில் மெத்தைக்கடை ஸ்பாஞ்சை வெட்டிப் போட்டோம், இரண்டு மாதத்தில் அப்பளம். உட்கார்ந்திருக்கும்போது குஷனுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், எலும்பு கையில் தட்டினால் அது குஷன் இல்லை. அரைமணிக்கு ஒருமுறை இடது பக்கம், வலது பக்கம், முன்னால் என்று சாய்ந்து பாரத்தை மாற்ற வேண்டும், புண் வந்துவிட்டால் பிறகு படுக்கைதான். அத்தை சீரியல் விளம்பரத்துக்கு விளம்பரம் சாய்கிறாள்.

பழைய வண்டிக்குப் புது ஃபோர்க்கும் ரெக்சினும் போட்டு, வெல்டிங் எல்லாம் பார்த்து ஓரமாக வைத்திருந்தேன். போன வாரம் மூன்றாவது வீட்டுக்காரர் தன் அப்பாவுக்குக் கேட்டு வந்தார். எடுத்துக்கொடுக்கப் போனவனை அத்தை கூப்பிட்டு நிறுத்தினாள்.

"அவரு எத்தன கிலோன்னு கேட்டியாலே?"

52. கேட்டுவிட்டு, சாய்மானத்தின் பின்னால் வெள்ளைப் பெயிண்டில் '100 கிலோ வரை' என்று பெரிதாக எழுதி, காய்ந்த பிறகுதான் கொடுத்தனுப்பினோம்.