பொறியாளர் மருத்துவம் படிக்க வரும்போது: கொண்டு வர வேண்டியவையும் விட்டுவிட வேண்டியவையும்

தொழில்நுட்பப் பணியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு மருத்துவக் கல்லூரியில் சேர எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வயதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை எளிது: பல நாடுகளில் வயது ஒரு தடை அல்ல. பொறியாளராகப் பழகிய சிந்தனை முறையில் எது மருத்துவப் படிப்பில் கைகொடுக்கும், எது காலை வாரிவிடும் என்பதுதான் கடினமான கேள்வி. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. மென்பொருள் துறையிலிருந்து மருத்துவம் படிக்க வந்தவன் என்ற முறையில் அந்தக் கேள்வியைச் சுற்றியே இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. உங்களை ஈர்ப்பது மருத்துவமா, மருத்துவத் தொழில்நுட்பமா? சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கியதற்காக 1979-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆலன் கார்மாக்குடன் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு ஒரு மின்பொறியாளர்; கார்மாக் ஓர் இயற்பியலாளர். இருவருமே மருத்துவர்கள் அல்லர். நோயைக் கண்டறியும் கருவியோ மருத்துவத் தரவுகளோதான் உங்கள் ஆர்வத்தின் மையம் என்றால், இன்றைய பணியிலிருந்து சற்றே நகர்ந்தாலே அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். அதற்காகப் பத்தாண்டுகளைச் செலவிட வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் பேசி, தொட்டுப் பரிசோதித்து, அவருக்காக முடிவெடுத்து, அம்முடிவின் பொறுப்பையும் சுமக்கும் வேலைதான் வேண்டும் என்றால் மட்டுமே மருத்துவக் கல்லூரி தேவை. இதை வீட்டில் உட்கார்ந்து யோசித்துத் தெரிந்துகொள்ள இயலாது. ஒரு மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ சில மாதங்கள் தன்னார்வலராகப் பணியாற்றிப் பார்ப்பதே சரியான சோதனை. காத்திருப்பும் களைப்பும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் உறவினர்களும் நிறைந்த அந்தச் சூழல் பிடித்திருக்கிறதா என்பதே அங்கு அறிய வேண்டியது. அறுவை அரங்கின் பரபரப்பு எல்லோருக்கும் பிடிக்கும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

சேர்க்கை வழிகள் நாட்டுக்கு நாடு மாறுபடுகின்றன. இந்தியாவில் நீட் தேர்வுக்கான உச்ச வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்காதவர்கள் பின்னர் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் இத்தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது. கணிதமும் கணினியும் எடுத்துப் பொறியியலுக்குப் போனவர்களுக்கு முக்கியமான மாற்றம் இது. பிரிட்டனில் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கென்று நான்காண்டுப் படிப்புகள் உள்ளன. ஆஸ்திரேலியாவில் பட்டதாரிகளுக்கான மருத்துவப் படிப்புகளில் பலவற்றுக்கு கேம்சாட் என்ற தேர்வு எழுத வேண்டும். அமெரிக்காவில் மருத்துவப் படிப்பே பட்டப்படிப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது; நான்காண்டு படித்து முடித்தபின், துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை உறைவிட மருத்துவராகப் பயிற்சி பெற வேண்டும். அங்கே பொறியாளர்களிடம் பெரும்பாலும் குறைவாக இருப்பவை உயிரியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல் ஆகிய பாடங்களே. விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் அதிகாரபூர்வ அறிவிப்பை மட்டுமே நம்புங்கள். செலவுக் கணக்குப் போடும்போது கல்விக் கட்டணத்தோடு, படிக்கும் ஆண்டுகளில் கிடைக்காமல் போகும் ஊதியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலரின் கணக்கில் விடுபட்டுப்போவது அதுதான்.

வேலையை எப்போது விடுவது? முடிவெடுத்த மறுநாளே விட்டுவிட வேண்டும் என்று தோன்றும். அந்தத் துடிப்பை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. அடிப்படைப் பாடங்களை முடித்து, முழு நீள மாதிரித் தேர்வு ஒன்றை எழுதி, இலக்குக்கும் தமக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்று தெரிந்தபின் விடுவது நல்லது. வேலையில் இருந்துகொண்டே படிக்கிறவர்களுக்கு நேரக் குறைவைவிட மனக்களைப்பே பெரிய தடை. நாள் முழுவதும் நிரலோடு மல்லாடிவிட்டு இரவில் வளர்சிதை மாற்றப் பாதைகளைப் படித்தால் மண்டையில் எதுவும் தங்காது. அதிகாலையில், அலுவலக மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே, கடினமான பாடத்தைப் படித்துவிட்டு மாலை நேரத்தை வினாப் பயிற்சிக்கும் திருப்புதலுக்கும் ஒதுக்கும் முறை எனக்கு ஒத்துவந்தது. மென்பொருள் வெளியீட்டு வாரங்களில் புதிய பாடம் எதையும் தொடாமல் பழையதைத் திருப்புவதோடு நிறுத்திக்கொள்வதும் உதவியது.

தேர்வுத் தயாரிப்பில் தொழில்நுட்பத் துறையினர் கவனிக்க வேண்டியது நேரப் பங்கீடு. இயற்பியல் நமக்குப் பழகிய இடம் என்பதால் கை அங்கேயே போகும். கணக்குகள் சரியாக வரும்போது படிப்பு நன்றாக நடக்கிறது என்ற நிறைவும் கிடைக்கும். ஆனால் நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கு உரியவை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எம்கேட்டில் உள்ள 230 வினாக்களில் 53 வினாக்கள் அறிவியலோடு தொடர்பே இல்லாத, தத்துவம், வரலாறு, கலை போன்ற துறைக் கட்டுரைகளைப் படித்து விடை சொல்லும் பகுதியைச் சேர்ந்தவை. கையேடுகளையும் பிழைச் செய்திகளையும் வேகமாக மேய்ந்தே பழகியவர்களுக்கு, ஆசிரியரின் தொனியையும் சொல்லாமல் விட்டதையும் கணிக்கச் சொல்லும் அந்தப் பகுதி எதிர்பாராத சோதனையாக அமையும். கட்டுரை வாசிப்பைக் கடைசி மாதத்துக்கு ஒத்திப்போடாமல் தொடக்கத்திலிருந்தே தினமும் சிறிது செய்வதைத் தவிர இதற்கு வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

மதிப்பெண் விதியையும் ஒரு பொறியாளரின் கண்ணோடு பாருங்கள். நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தாலும் சராசரியாகக் கிடைப்பது 0.25; ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் அது ஏறத்தாழ 0.67 ஆகிறது, இரண்டை நீக்க முடிந்தால் 1.5. ஆகவே, ஒரு விடையையாவது தவறென்று உறுதியாகச் சொல்ல முடிந்த வினாவைக் காலியாக விடுவது பெரும்பாலும் நட்டமே. எம்கேட்டில் தவறான விடைக்குக் கழிவே இல்லை என்பதால் அங்கு எதையும் காலியாக விடக் கூடாது.

நேர்காணலைப் பற்றி நான் சொல்ல விரும்புவது சிறிதளவே. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவிய குறுநேர்காணல் முறையில், ஒவ்வொரு நிலையத்திலும் சில நிமிடங்களில் ஒரு சூழலைக் கையாள வேண்டும். எதற்காகத் துறை மாறுகிறீர்கள் என்ற கேள்வி எந்த முறையிலும் வரும். பழைய வேலை சலித்துவிட்டது என்ற விடை, மருத்துவமும் ஒருநாள் சலிக்கும் என்ற ஐயத்தைத்தான் கேட்பவரிடம் எழுப்பும். நோயாளிகளோடு செலவிட்ட நேரத்தில் கண்டவற்றிலிருந்து பேசுங்கள். பழைய துறையைக் குறைத்துப் பேசாதீர்கள்.

கல்லூரிக்குள் நுழைந்தபின் முதலில் மகிழ்ச்சி தருவது உடலியங்கியல். இரத்த அழுத்தம் என்பது இதயம் வெளியேற்றும் இரத்த அளவையும் குழாய்களின் தடையையும் பெருக்கிக் கிடைப்பது என்று படிக்கும்போது மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கிக் கிடைப்பது என்ற ஓமின் விதி வேறு உடையில் வந்து நிற்பது தெரியும். குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்ற புவாசேயின் விதி, நுண் தமனிகள் சற்றே சுருங்கினாலும் அழுத்தம் ஏன் அவ்வளவு உயர்கிறது என்பதை ஒரே வரியில் விளக்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் எதிர்ப் பின்னூட்டச் சுற்றாகவே, அதாவது அழுத்தம் ஏறினால் இறக்கவும் இறங்கினால் ஏற்றவும் தூண்டும் விதத்தில், இயங்குகின்றன. நெடுநாள் உயர் இரத்த அழுத்தத்தில் அந்த உணரிகள் உயர்ந்த அளவையே இயல்பாகக் கொள்ளத் தொடங்குகின்றன என்பது, கட்டுப்பாட்டுப் பொறியியல் படித்தவருக்குப் பாதி விளக்கத்திலேயே பிடிபட்டுவிடும். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1952-இல் நரம்புத் துடிப்புக்கு எழுதிய சமன்பாடுகளைப் பார்த்து வகுப்பில் மற்றவர்கள் மிரளும்போது நமக்கு வீட்டுக்கு வந்த உணர்வு ஏற்படும். ஆனால் இந்த இன்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும், தேர்வும் நோயாளியும் கேட்பது அதன் விளைவுகளையே. சமன்பாட்டை வருவித்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பதற்குப் பாடத்திட்டம் இடம் தராது.

உடற்கூறியலில் நிலைமை தலைகீழ். ஐந்தாம் கழுத்து நரம்பு முதல் முதலாம் மார்பு நரம்பு வரை ஐந்து வேர்கள் சேர்ந்து, பிரிந்து, மீண்டும் சேர்ந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலை எந்த முதற்கொள்கையிலிருந்தும் வருவிக்க முடியாது. புரிந்துகொண்டால் போதும், மனப்பாடம் தாழ்ந்தது என்ற நம்பிக்கை பொறியாளர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. வாசலிலேயே விட்டுவிட வேண்டியவற்றில் முதலாவது அது. ஒரு சிறு ஆறுதல் மட்டும் உண்டு. உடற்கூறியலை விளங்காத புதிராகக் கருதுகிறவர்கள் கருவளர்ச்சியியலைச் சேர்த்துப் படிக்க வேண்டும். குரல்வளைக்குப் போக வேண்டிய இடது நரம்பு, வேகஸ் நரம்போடு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. எந்த வடிவமைப்பாளரும் ஒப்புக்கொள்ளாத இந்த வழி, கருவில் தமனி வளைவுகள் கீழிறங்கும்போது நரம்பும் இழுபட்டதன் விளைவு. மார்புக்குள் வளரும் கட்டி ஏன் குரலைக் கம்மச் செய்கிறது என்பதும் அதிலேயே விளங்கிவிடும். பழைய மென்பொருளில் விசித்திரமான ஒரு வரி ஏன் இருக்கிறது என்று அறிய மாற்ற வரலாற்றைப் புரட்டுவோமே, அந்தப் பழக்கம் இங்கே பயன்படும்.

மனப்பாடத்தை ஏற்றுக்கொண்டபின் அதைத் திறமையாகச் செய்வது எப்படி என்பது ஒரு பொறியியல் சிக்கல். அதில் நாம் தேறிவிடுவோம். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டினார். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த சோதனையில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்களே முந்தினார்கள். வினா-விடை அட்டைகளை இடைவெளி விட்டுக் காட்டும் ஆங்கி போன்ற செயலிகள் மருத்துவ மாணவர்களிடையே பரவியிருப்பதற்குக் காரணம் இதுவே. இங்கே தொழில்நுட்பத் துறையினருக்கென்றே ஒரு பொறி காத்திருக்கிறது: அட்டைகளைத் தானாக உருவாக்கும் நிரல் எழுதுவது, செயலியின் அமைப்புகளை மெருகேற்றுவது, குறிப்புகளுக்கு நேர்த்தியான கோப்பமைப்பு உண்டாக்குவது. இவை அனைத்தும் படிப்பதைப் போலவே தோன்றும், ஆனால் படிப்பு அல்ல. மூத்த மாணவர்கள் பயன்படுத்தும் அட்டைத் தொகுப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, நாள் தவறாமல் திருப்புவதே போதும்.

நோய் கண்டறிதலைப் பிழை கண்டறிதலோடு ஒப்பிட்டுப் பேசுவது நம்மவர்களுக்குப் பிடித்த பேச்சு. ஓரளவுக்கு அது சரியே: அறிகுறியிலிருந்து காரணங்களின் பட்டியலுக்குப் போய் ஒவ்வொன்றாக நீக்கிவருவது இரண்டுக்கும் பொது. ஆனால் மனித உடலை நிறுத்தி மறுபடி இயக்கிப் பார்க்க முடியாது. பழைய நிலைக்குத் திருப்ப முடியாது. ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை அசையாமல் பிடித்துவைக்கவும் முடியாது. ஒரே காரணம் எல்லா அறிகுறிகளையும் விளக்க வேண்டும் என்று தேடுவதும் ஆபத்தானது. முதிய நோயாளி ஒருவருக்கு மூன்று நோய்கள் ஒரே சமயத்தில் இருப்பது சாதாரணம். மருத்துவர்கள் இதை ஹிக்கம் கூற்று என்கிறார்கள்: ஒரு நோயாளி எத்தனை நோய்களை வேண்டுமானாலும் கொண்டிருக்கலாம்.

நிகழ்தகவில் நமக்குள்ள பழக்கம் இங்கே உண்மையாகவே உதவும். நூற்றில் ஒருவருக்கு உள்ள ஒரு நோயைக் கண்டறிய, நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரையும் நோயற்றவர்களில் 90 விழுக்காட்டினரையும் சரியாக இனங்காணும் ஒரு பரிசோதனை இருப்பதாகக் கொள்வோம். ஆயிரம் பேரில் நோயுள்ள 10 பேரில் 9 பேருக்கும், நோயற்ற 990 பேரில் 99 பேருக்கும் அது நேர்மறை முடிவு காட்டும். அதாவது, நேர்மறை முடிவு வந்த 108 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் 9 பேர். ஏறத்தாழ 8 விழுக்காடு. இதைக் காகிதமே இல்லாமல் கணிக்கத் தெரிவது, தேவையற்ற பரிசோதனைகளை எழுதாத மருத்துவராக உருவாக உதவும். ஆனால் அந்த எண்ணை அச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எப்படிச் சொல்வது என்பதை எந்தச் சூத்திரமும் கற்றுத்தராது. உடன் படிக்கும் இளையவர்களில் சிலர் அதை நம்மைவிட இயல்பாகச் செய்வார்கள், அவர்களைக் கவனித்துக் கற்றுக்கொள்ளலாம்.

பழைய பணியில் குழுவை வழிநடத்தியவர்கள் மருத்துவமனைப் பிரிவில் எல்லோருக்கும் கீழ்நிலையில் நிற்க வேண்டியிருக்கும். அங்குள்ள முறைகளில் திருத்த வேண்டியவை முதல் வாரத்திலேயே கண்ணில் படும். அவற்றில் பலவற்றுக்கு வெளியிலிருந்து தெரியாத காரணங்கள் இருக்கும் என்பதால், முதலாண்டில் ஆலோசனை சொல்வதைத் தவிர்த்துக் கேள்வி மட்டும் கேட்பதே பலன் தரும். நிரல் எழுதும் திறனை வைத்து ஆய்வுக் குழுக்கள் உங்களை நாடி வரும்போதும் அதே கணக்குத்தான். முதலிரண்டு ஆண்டுகள் மறுத்துவிடுங்கள். நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியபின், எந்தத் தரவு நம்பத் தகுந்தது, எது அவசரத்தில் யாரோ நிரப்பியது என்று பிரித்தறியும் கண் வந்துவிட்ட பிறகு, அந்த அழைப்புகளை ஏற்கலாம்.