தலைமடை திறந்தால் கடைமடைக்குச் சேதி

மேட்டூர் அணை திறந்தால், தண்ணீர் கல்லணையைத் தொடும் முன்பே கடைமடை வரை சேதி போய்விடும். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மென்பொருள் செய்யும் சிறு குழுக்களுக்கும் அப்படி ஒரு சேதி வேண்டும். வரைபடத்துக்கு லீஃப்லெட், அச்செழுத்தைப் படிக்க டெசராக்ட் என்று நாம் நம்பியிருக்கும் திறமூலத் திட்டங்களின் மதகு பிறர் கையில் இருக்கிறது. அவற்றில் புதிய பதிப்பு (ரிலீஸ்) வெளியானதும், நம் குழு பேசிக்கொள்ளும் ஸ்லாக் சானலுக்குச் சேதி வர வேண்டும்.

இத்திட்டங்களின் நிரல் இருக்கும் தளம் கிட்ஹப். அதன் ஸ்லாக் செயலி இதற்கு உதவாது. ரெப்போவின் (திட்டத்தின் நிரல் கிடங்கு) உரிமையாளர் அதை நிறுவியிருக்க வேண்டும். ரெப்போவில் வெப்ஹூக் (ஏதாவது நடந்ததும் ஒரு முகவரிக்குத் தானாகச் சேதி அனுப்பும் ஏற்பாடு) வைக்கவும் நிர்வாகி அனுமதி தேவை. நமக்கு இருக்கும் வழி ஆட்டம் ஃபீட், அதாவது புதிதாக வந்தவற்றைப் பட்டியலிடும் கோப்பு. ரெப்போ முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு, ரிலீசஸ், புள்ளி, ஆட்டம் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேருங்கள். ஸ்லாக்கில் ஃபீடைப் படிக்கும் ஆர்எஸ்எஸ் செயலியைச் சேர்த்து, சானலில் சாய்கோட்டுடன் 'ஃபீட் சப்ஸ்கிரைப்' அடித்து அந்த முகவரியைக் கொடுத்தால் முடிந்தது. ரிலீஸ் போடாமல் டேக் (பதிப்பு அடையாளம்) மட்டும் வைக்கும் திட்டங்களுக்கு, ரிலீசஸ் இருந்த இடத்தில் டேக்ஸ். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் சொல்லும் கமிட் ஃபீட் மட்டும் வேண்டவே வேண்டாம்; இரண்டே நாளில் எல்லோரும் சானலை மியூட் செய்துவிடுவார்கள், பிறகு முக்கியமான சேதியும் யார் கண்ணிலும் படாது.

இந்த ஃபீடில் பீட்டா, ஆர்சி போன்ற சோதனைப் பதிப்புகள் எல்லாம் கலந்தே வரும். வடிகட்ட வேண்டுமானால் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதத்தான் வேண்டும்: கிட்ஹப்பின் ஏபிஐ-யில் (நிரல்கள் தகவல் கேட்கும் வழி) ரிலீஸ் பட்டியலை எடுத்து, 'ப்ரீரிலீஸ்' என்று குறித்தவற்றைத் தள்ளி, ஏற்கெனவே சேமித்த டேக்குகளில் இல்லாததை மட்டும் ஸ்லாக் தரும் இன்கமிங் வெப்ஹூக் முகவரிக்கு அனுப்புவது. முதல் ஓட்டத்தில் சேமித்தால் போதும், எதையும் அனுப்ப வேண்டாம். இல்லையென்றால் பழைய ரிலீஸ் அத்தனையும் சானலில் கொட்டும். ஏபிஐ-யில் கடைசி ரிலீஸை மட்டும் தரும் 'லேட்டஸ்ட்' என்ற குறுக்குவழியை நம்பாதீர்கள். நீங்கள் பழைய பதிப்பு வரிசையில் இருந்தால், அதற்கு வரும் பாதுகாப்புத் திருத்தம் அதில் தெரியாமலே போகலாம்.

டோக்கன் (கிட்ஹப் கணக்கின் சாவி) இல்லாமல் ஏபிஐ-யைக் கேட்டால் ஒரு ஐபி-க்கு (இணைய இணைப்பின் முகவரி) மணிக்கு 60 அழைப்புதான்; டோக்கனுடன் 5000. அலுவலகம் முழுக்க ஒரே இணைப்பு என்றால் 60 சீக்கிரம் தீரும். வெப்ஹூக் முகவரியைச் சீக்ரெட்டில் (ரகசியங்களை மறைத்து வைக்கும் இடம்) வையுங்கள், நிரலுக்குள் எழுதாதீர்கள். அது கிடைத்தவர் யாரும் உங்கள் சானலில் எழுதலாம்.

அந்த ஸ்கிரிப்டைக் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் (கிட்ஹப்பே நிரலை ஓட்டித்தரும் சேவை) ஓட்டினால், கிரான் நேரத்தை (எப்போது ஓட வேண்டும் என்ற அட்டவணை) யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) கொடுங்கள். நம் காலை 9 மணிக்கு (யுடிசி 3:30) 30 3 * * *. பொது ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் கிட்ஹப் அந்த அட்டவணையை நிறுத்திவிடும். சானல் நெடுநாள் அமைதியாக இருந்தால் முதலில் அதைப் போய்ப் பாருங்கள்.