குளத்துக்கு வெந்நீர்க் காசு

மார்ச் கடைசியில் ஃபுளோரிடாவின் டெஸ்டினுக்குப் போகிறோம். கடற்கரை வீடு, பின்னால் குட்டி நீச்சல் குளம். வாடகையைக் கட்டி முடித்த பிறகுதான் வீட்டுக்காரம்மாவிடமிருந்து மெசேஜ்: பூல் ஹீட்டிங் வேண்டுமா? நாளுக்கு 45 டாலர், 5 நாளுக்கும் சேர்த்துத்தான். 225 டாலர்!

ஃபுளோரிடா வெயிலே சுடவைக்காதா என்று நினைத்தேன். வைக்காது. அந்த வடக்கு ஓரத்தில் மார்ச் மாதம் கடல்நீரே 65 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம்தான். பிள்ளைகள் கால் நனைத்துவிட்டு அலறி ஓடிவரும் குளிர்.

கணக்குப் போட்டேன். குளத்தில் 10,000 கேலன் என்றால் 83,000 பவுண்டுக்கு மேல் தண்ணீர். 20 டிகிரி ஏற்ற, மணிக்கு ஒரு லட்சம் பிடியூ (சூட்டை அளக்கும் அலகு) தரும் ஹீட் பம்ப் விடாமல் 17 மணி நேரம் ஓடணும். ராத்திரி ஆவியாகப் போகிற சூடு தனி. ஹீட் பம்ப் என்பது காற்றிலிருந்து சூட்டை எடுக்கிற மெஷின், குளிர் ராத்திரியில் அதுவே திணறும். போய் இறங்கின பிறகு ஆன் செய்தால் முதல் நாள் காசு தண்டம்.

"முந்தின நாளே போட்டுவிடுவீர்களா? மேலே மூட ஷீட் இருக்கா?" என்று கேட்டேன். முதலாவது சரியாம். ஷீட் கிடையாதாம்.

வீடியோ காலில் அம்மா: "ஒரு குண்டான் வெந்நீர் போட்டுக் குளிச்சிட்டுப் போங்கடா, இதுக்கா காசு?"

மகள் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டே சோறு சாப்பிடுகிறாள். கட்டிவிட்டேன். கட்டின காசுக்கு அஞ்சு நாளும் விடியற்காலையிலேயே இறங்கணும் என்பது மனைவியின் உத்தரவு.