பழைய ரெக்கார்டு வைஸ்: பட்டறை நாட்குறிப்பு

ஜூன் 9, 2024, ஞாயிறு

திருச்சி பால்பண்ணை பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் பெஞ்ச் வைஸ் ஒன்று கிடந்தது. பொருளை இரண்டு தாடைக்கு நடுவில் வைத்துத் திருகி இறுக்கிப் பிடிக்கும் கருவி. மேலே பச்சைப் பெயிண்ட், அதற்கடியில் சாம்பல், ஓரம் உரிந்த இடத்தில் நீலம். நீலம் தெரிந்ததும் பக்கவாட்டைத் துணியால் துடைத்தேன். நினைத்தது சரி, நீல வைஸ் செய்யும் ரெக்கார்டு கம்பெனிதான். எண் 5, மேட் இன் இங்கிலாந்து. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துச் சரக்கு. தாடை ஐந்து அங்குலம்.

"பொன்மலை ஒர்க்‌ஷாப் ஏலத்துல வந்தது தம்பி" என்றார் கடைக்காரர். திருச்சியில் பழைய இரும்பு எதைத் தொட்டாலும் பொன்மலை ரயில்வே பணிமனை ஏலத்தில் வந்தது என்பார்கள். சிரித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

முதலில் கைப்பிடி. அது வளைந்திருந்தால் யாரோ பைப்பைச் செருகி நீளமாக்கி முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கைப்பிடியின் நீளம் ஓர் ஆளின் கைபலத்துக்குக் கணக்குப் பண்ணி வைத்தது. பைப்பைப் போட்டால் அந்தக் கணக்கு போச்சு. எஃகுக் கைப்பிடி வளைந்து கொடுக்கும். வார்ப்பிரும்பு உடம்பு வளையாது, விரிசல்தான் விடும். இதில் கைப்பிடி நேராக இருந்தது. அப்புறம் தாடையைப் பாதி திறந்து மேலும் கீழும் ஆட்டினேன். ஆட்டம் கொஞ்சம்தான். திருகை முன்னும் பின்னும் திருப்பி, தாடை நகருமுன் எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பார்த்தேன். கால் சுற்றுக்கும் குறைவு. மரையும் (திருகைச் சுற்றி ஓடும் வரிப்பள்ளம்) நட்டும் நன்றாக இருக்கின்றன. மற்றதெல்லாம் துருவும் அழுக்கும்தான், அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

எடை விலையைவிடக் கூடுதலாகவே வாங்கினார். கொடுத்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

கழற்றியாயிற்று. திருகை முழுக்க வெளியே எடுத்ததும் நகரும் தாடை வழுக்கி வந்தது. உள்ளே கிரீஸும் இரும்புத்தூளும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தன. மண்ணெண்ணெயில் ஊறுகிறது.

திருகில் இருப்பது சதுர மரை. வைஸுக்கு இதைப் போடக் காரணம் உண்டு. சாதாரண போல்ட்டின் சாய்ந்த மரை, இறுக்கும்போது நட்டைப் பக்கவாட்டில் விரிக்கப் பார்க்கும்; உராய்வும் அதிகம். சதுர மரையில் போட்ட பலம் நேராகத் தாடைக்குப் போகும். லிவரை அழுத்தினால் தாடை சட்டென நகரும் தச்சர் வைஸ்களில், திருகின் ஒரு பக்கத்தை மட்டும் பிடிக்கும் பாதி நட்டு இருக்கும். அங்கே ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சாய்வு என்று பட்ரஸ் மரை போடுவார்கள். பாதி நட்டு மாட்டவும் விலகவும் அந்தச் சாய்வு வேண்டும்.

தாடையின் முகத்தில் பதித்த தகட்டின் ஸ்குரூக்களில் ஒன்று மட்டும் வேறு ஜாதி. யாரோ எம்8, அதாவது எட்டு மில்லிமீட்டர் மெட்ரிக் ஸ்குரூவைத் திணித்திருக்கிறார்கள். இந்த ஓட்டை விட்வொர்த் என்ற பழைய இங்கிலாந்து மரை அளவில் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். பார்வைக்கு எட்டு மில்லிதான். ஆனால் விட்வொர்த்தில் ஓர் அங்குலத்துக்கு 18 மரை, ஒரு மரைக்கு 1.41 மில்லி வருகிறது. எம்8-இல் 1.25. மரைக் கோணமும் 55-க்குப் பதில் 60 டிகிரி. முதலில் சமத்தாக ஏறும், போகப் போகக் கடிக்கும். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, கடைசியில் துளை போட்டுத்தான் எடுத்தேன். ஓட்டைக்குள் மரை வெட்டும் விட்வொர்த் டேப்பை ஒரு முறை ஓட்டியதும் பழைய மரை முக்கால்வாசி திரும்பியது. அது போதும்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று துருக் குளியல், அதாவது தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சித் துருவைக் கழற்றும் வேலை. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவை சோடா, பழைய பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் வயர் வைஸுக்கு, பாசிட்டிவ் ஒரு வீண் இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் தகட்டுக்குப் பதில் வைஸ் கரையும். தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது. அதிலிருந்து நச்சு குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் குமிழ் கிளம்புவதால் மொட்டை மாடியில், திறந்த வெளியில் வைத்தேன்.

பெயிண்ட்டும் தோலாகக் கழன்று வந்தது. அந்தக் காலப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். எமரி தாள் போட்டுத் தேய்த்துப் பறக்கவிடுவதைவிட இது மேல்.

ஜூன் 17, திங்கள்

கழுவிக் காய்ந்ததும் எண்ணெய் தடவப் போனேன். உடனே தடவாவிட்டால் கண் முன்னாலேயே செம்பழுப்பு ஏறும். அப்போதுதான் நகராத நிலைத் தாடையின் பின்பக்கம் உளி எழுத்து மூன்று தெரிந்தது. எஸ், ஐ, ஆர்.

சவுத் இந்தியன் ரயில்வே! நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்குப் பணிமனையை மாற்றிய அதே கம்பெனி. 1951 ஏப்ரல் 14-இல் அது தெற்கு ரயில்வேயில் கலந்துவிட்டது. அப்படியானால் இந்த முத்திரை அதற்கு முந்தையது. இரும்புக் கடைக்காரர் ஒருமுறை உண்மை சொல்லியிருக்கிறார்.

ஜூன் 23, ஞாயிறு

பொன்மலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்துத் தெரு ஐயா வந்து பார்த்தார். எழுத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. தாடையை முழுக்க மூடச் சொல்லி, இடுக்கில் டார்ச் அடித்தார். இடது ஓரம் வெளிச்சம் கசிந்தது.

"ஓரத்துலயே புடிச்சு வேலை பாத்திருக்கானுங்க" என்றார். ஓர் ஓரத்தில் பொருளைப் பிடித்தால் மறு ஓரத்தில் அதே கனத்துக்கு ஒரு துண்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் தாடை கோணிக்கொண்டு தேயும். புதுத் தகடு போட்டால் பாதி சரியாகும் என்றார்.

பெயிண்ட் பற்றியும் கேட்டேன். "எதுக்கு?" என்றார். எனக்கும் ஏறக்குறைய அதே எண்ணம்தான். கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுத் தங்க எழுத்து பூசுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ஒரு கோட் ரெட் ஆக்சைடு, மேலே மெல்லிசாக ஒரு கோட் நீலம். உளி எழுத்தில் பெயிண்ட் இல்லை, வழுக்கும் இடத்தில் எண்ணெய் மட்டும்.

ஜூலை 14, ஞாயிறு

பெஞ்சில் ஏற்றியாயிற்று. முஷ்டியை மோவாயில் வைத்து நின்றால் முழங்கை தாடையின் மேல்மட்டத்துக்கு வர வேண்டும், ஐடிஐ படித்தவர்களுக்குத் தெரியும். நிலைத் தாடை பெஞ்ச் ஓரத்தைத் தாண்டி நிற்கிறது. நீளக் கம்பியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடிக்கலாம். அலுமினிய ஆங்கிளில் இரண்டு தாடைக் கவசமும் வெட்டிவிட்டேன்.

கேட் கீல் ஒன்றை அரம் போட்டேன். துளி அதிர்வில்லை.

ஜூலை 21, ஞாயிறு

லால்குடி பக்கம் ஒரு கொல்லுப் பட்டறையில் கால் வைஸ் பார்த்தேன். பீட்டர் ரைட் கம்பெனி முத்திரை. ரெக்கார்டில் சம்மட்டி அடிக்க முடியாது, வார்ப்பிரும்பு தாங்காது. கால் வைஸ் அடித்து உருவாக்கிய இரும்பு; ஒரு கால் தரையில் ஊன்றியிருப்பதால் அடி நிலத்துக்கு இறங்கிவிடும். விலை கேட்டேன்.

"நான் வேலை பாக்கறேன்ல தம்பி" என்றார் ஆசாரி. அத்தோடு பேச்சு முடிந்தது. ஆனால் தாடையைத் திறக்கிற பட்டை ஸ்பிரிங் ஒடிந்து, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் திறக்கிறார். அளவெடுத்து வந்திருக்கிறேன். லாரி ஸ்பிரிங் பட்டையில் வெட்டி, பழுக்கக் காய்ச்சி வளைக்க அவரே போதும்; ஓரம் அரம் போடுவது என் வேலை.