நைட் ஷிப்ட் ரிப்போர்ட்டும் ஆங்கில வினைச்சொற்களும்

வீடு கிருஷ்ணகிரி, வேலை ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் மெயின்டனன்ஸில். ஷிப்ட் இன்சார்ஜ் ஆனதும் கூடவே வந்த தலைவலி, ஷிப்ட் முடியும்போது ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டிய ரிப்போர்ட். அடுத்து வருகிறவர்களில் தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் புரிய வேண்டும்.

முதலில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். 12 டென்ஸையும் கட்டம் போட்டு ஒப்பிக்கச் சொன்னார்கள். 'ஐ ஷல் ஹேவ் பீன் கோயிங்' என்று எழுத எந்த மோட்டாரும் எனக்கு இதுவரை வாய்ப்புத் தரவில்லை. பாதியிலேயே நின்றுவிட்டேன்.

அப்புறம், நன்றாக எழுதுகிற சீனியர் அண்ணன் ஒருவரின் பழைய ரிப்போர்ட்டுகளை வாங்கி, வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுக்கொண்டே போனேன். மூன்று நான்கு டென்ஸ்தான் திரும்பத் திரும்ப வந்தது. 'தி மோட்டார் ட்ரிப்டு அட் 3 ஏஎம்.' மணியைச் சொல்லிவிட்டதால் இங்கே 'ஹேஸ் ட்ரிப்டு' வராது. நேற்று, போன வாரம் என்று வந்தாலும் அப்படித்தான். நின்றது இன்னும் நின்றே கிடக்கிறது என்றால் 'தி மோட்டார் ஹேஸ் பீன் டவுன் சின்ஸ் 3 ஏஎம்'. தொடங்கிய நேரத்துக்கு சின்ஸ், இரண்டு மணி நேரமாக என்றால் ஃபார். முதல் வரியை மட்டும் படிக்கிறவர், மோட்டார் பிறகு ஓடியிருக்கும் என்று நினைத்து டீ குடிக்கப் போகலாம். இரண்டாவதைப் படித்தவர் ஸ்பேனரோடு கிளம்புவார்.

மோடல் வினைகளில் விதி என்று பார்த்தால் சின்னதுதான்: கேன், மஸ்ட், ஷுட் எதற்குப் பின்னாலும் 'டு' இல்லாத வெறும் வினை. 'மஸ்ட் செக்', அவ்வளவே. நேரம் பிடித்தது நடந்துபோனதை ஊகித்து எழுதும் இடம். 'தி பேரிங் மஸ்ட் ஹேவ் ஃபெயில்டு' என்றால் கழற்றிப் பார்க்கவில்லை, ஆனால் சத்தமும் சூடும் அதைத்தான் சொல்கின்றன. பாதி சந்தேகம் என்றால் 'மைட் ஹேவ் ஃபெயில்டு'. நேற்றுதான் புதுசு மாட்டினோம், அதுவாக இருக்கவே முடியாது என்றால் 'மஸ்ட்'டோடு 'நாட்' சேர்ப்பதில்லை. 'கான்ட் ஹேவ் ஃபெயில்டு' என்று மாறிவிடும். 'ஷுட் ஹேவ் பீன் கிரீஸ்டு' மட்டும் யோசித்து எழுத வேண்டியது. கிரீஸ் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை என்று முந்தைய ஷிப்ட்டைக் கைகாட்டுகிற வரி அது. இரண்டு ஷிப்ட்டுக்கும் பேச்சே நின்றுபோகும்.

ஆபத்தான ஜோடி வேறு ஒன்று. 'யூ மஸ்ட்டன்ட் ஓப்பன் தி வால்வ்' என்றால் திறக்கவே கூடாது. 'யூ டோன்ட் ஹேவ் டு ஓப்பன்' என்றால் திறக்க அவசியமில்லை, திறந்தாலும் குற்றமில்லை. பிரஷர் இருக்கிற லைனில் இதை மாற்றி எழுதினால் ஆள் மேல் சுடுதண்ணீர் அடிக்கும்.

மேனேஜருக்கு மெயில் போடும்போது 'யூ மஸ்ட் சென்ட்' என்றால் உத்தரவு போல இருக்கும். 'குட் யூ சென்ட்' போதும். 'இஃப் தி அலார்ம் கம்ஸ் அகெய்ன், வி வில் சேஞ்ச் தி சென்சார்' போன்ற வரியில் இஃப் இருக்கிற பாதியில் வில் போடுவதில்லை. இதெல்லாம் இப்போது யோசிக்காமலே கைக்கு வருகிறது.

அடுத்தது 'ஏ'யும் 'தி'யும். அதைக் கேட்டால் அந்த அண்ணனே தலையைச் சொறிகிறார்.