கல்வெட்டு அடித்த கணினி

2011இல் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கிளிநொச்சியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். போட்டோசொப் பழக்கியது அச்சக அண்ணைதான். அதிகம் வந்தவை அந்தியேட்டிக் கல்வெட்டுகள், அதாவது இறந்தவரின் நினைவாக அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் சிறு நூல்கள். தண்ணீர் பட்டுப் பாதி முகம் அழிந்த அடையாள அட்டைப் படத்தை அம்மாமார் கொண்டுவந்து தருவார்கள். பல வீடுகளில் மிஞ்சிய ஒரே படம் அது. ஒரு கண்ணைச் சரியாக்க இரவு முழுக்க இருந்திருக்கிறேன்.

பிறகு வவுனியா வளாகம் (2021 முதல் அது வவுனியாப் பல்கலைக்கழகம்). நிரலாக்கம் எனக்குப் பிடிபட்டது பாமினி என்ற தமிழ் எழுத்துருவால்தான். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் விளங்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றும்போது கொம்பு இடிக்கும். 'கெ' என்பதில் பாமினிக்குக் கொம்பு முதலில், யூனிகோடுக்குக் ககரம் முதலில். அதைத் திருப்பிப் போடும் நிரல்தான் நான் முதலில் எழுதியது. அது ஓடிய அன்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது வீட்டிலிருந்தே செயலிகள் வடிவமைக்கிறேன், நிரலும் எழுதுகிறேன். சம்பளம் பரவாயில்லை. ஆனால் இரவில் அந்தப் பழைய கல்வெட்டுக் கோப்புகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றுகிறேன். உங்கள் வீட்டிலும் பாமினியில் அடித்த கல்வெட்டுக் கோப்பு கிடந்தால் உட்பெட்டியில் அனுப்புங்கள். காசு வேண்டாம்.